முழுசாக, சரியான கைக்கு

“பெரிய கே. சின்ன எம். ஏழு. மறுகா பெரிய கே. இல்ல தம்பி, சின்னன் இல்ல, பெரிசு. நான் சொல்றதுக்கெல்லாம் ஓம் போடாதீங்க. உங்கட திரையைப் பாத்து நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறன்.”

ராத்தாவை நான் முதலில் அறிந்தது இந்தக் குரலாகத்தான். வாகரையில் எங்கள் அலுவலகம் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வாடகை வீடு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன், உள்ளே யாரோ தொலைபேசியில் எழுத்தும் இலக்கமுமாக ஒப்புவிக்கிறார். யாருக்கோ கண் பரிசோதனை நடக்கிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், கறுப்பு அபாயாவும் மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடுமாக ஒரு பெண் மடிக்கணினி முன்னால் குனிந்திருக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி. படமில்லை, பொத்தானில்லை, அமத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

நாற்பத்து மூன்று எழுத்தும் ஒத்துப்போன பிறகுதான் தொலைபேசியை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “கதிரவெளிப் புள்ளையா நீ? வா, இரி. தேத்தண்ணி குடிச்சியா?” என்றார்.

அவருக்கு ஓட்டமாவடி. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கொழும்பில் ஒரு கொம்பனியில் கணினி வேலை பார்த்துவிட்டு, உம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குத் திரும்பி வந்தவர். அவர்களுடைய வீடுகளில் அக்காவை ‘ராத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அப்படிக் கூப்பிட, ஒரு மாதத்துக்குள் எங்கள் கதிரவெளி மீனவர்களும், அவரைவிட இருபது முப்பது வயது மூத்தவர்கள்கூட, ராத்தா ராத்தா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அதனால் அவருடைய பெயர் ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் வேலை இதுதான். கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரியான வாகரைக் களப்பின் ஓரத்தில் ஒரு பெரிய துண்டை இறால் பண்ணைக்கென்று ஒரு கொம்பனி குத்தகைக்குக் கேட்டிருந்தது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் பற்றைக்காடு, யாரும் தொழில் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மீனவர் சங்கம் வழக்குப் போட்டது. எந்த இடத்தில் வலை விழுகிறது, எங்கே பெண்கள் நண்டு பிடிக்கிறார்கள், தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கிற, மீன் குஞ்சு பொரிக்கும் கண்டல் காடு எது என்று வரைபடம் எடுத்து, படம் எடுத்து, கொழும்பில் இருக்கும் சட்டத்தரணி அம்மாவுக்கு நாங்கள் அனுப்ப வேண்டும். எடுப்பது நான். அனுப்புவது ராத்தா.

அனுப்புவதற்கு அவர் வைத்திருந்த கருவிக்கு எஸ்எஃப்டிபி என்று பெயர். வழியில் எவரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி கோப்பைப் பூட்டி அனுப்புவது. கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். ‘புட்’ என்று அடித்துக் கோப்பின் பெயரை அடித்தால் போகத் தொடங்கும். ஆனால் அதற்கு முதல், மறுபக்கத்தில் இருப்பது உண்மையிலேயே சட்டத்தரணி அம்மாவின் கணினிதானா என்று அது ஒரு நீண்ட எழுத்துக் கோவையைக் காட்டிக் கேட்கும். “இது அந்த மெஷின்ட கைரேகை” என்பார் ராத்தா. எல்லோரும் படிக்காமலேயே ‘யெஸ்’ அடித்துவிட்டுப் போவார்கள். உலகத்திலேயே அதைத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தவர் எங்கள் ராத்தா ஒருவராகத்தான் இருப்பார் என்று அந்தக் கொழும்புத் தம்பி ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார். சட்டத்தரணி அம்மாவின் அலுவலகத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

ராத்தாவின் குணமே அதுதான். அனுப்பிவிட்டேன் என்று யாராவது சொன்னால் அவருக்குக் காது கேட்காது. “அனுப்புறது பெரிய வேலயா? முழுசா, சரியான கைக்குப் போச்சா? அதச் சொல்லு.” கோப்புக்கு மட்டுமில்லை. பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வட்டிலப்பம் என்ற இனிப்பைச் சின்னச் சின்னக் கோப்பைகளில் மூடிக் கொடுத்து அனுப்புவார். பஸ் கதிரவெளிக்கு வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, தொலைபேசி அடிக்கும். “எத்தின கோப்ப வந்திச்சு? மூடி இறுக்கித்தானே இரிந்திச்சு?” ஒரு வருசம் பத்துத்தான் வந்தது என்று சொல்லிவிட்டேன். அனுப்பியது பதினொன்று. மறுநாள் காலை நடத்துனரை மறித்து, பஸ் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, “தம்பி, ருசியா இரிந்திச்சா?” என்று மட்டும் கேட்டாராம். அந்த ஆள் முகம் சிவந்து, வெறும் கோப்பையைச் சீற்றுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். ராத்தா அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்காமல் சொன்னது ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பி, கொழும்புக்குப் போகிற உறவுக்காரர் ஒருவர் கையில் கொடுத்திருக்கிறார். குடுத்திட்டன் என்று அந்த ஆள் வந்து சொன்னார். ராத்தா வீட்டாரும் நம்பினார்கள். இடம் கிடைத்தவர்களின் பெயர்கள் வந்தபோது இவருடைய பெயர் இல்லை. ஒரு வருசம் கழித்து அதே விண்ணப்பம் அந்த உறவுக்காரரின் பயணப் பையின் ஓரத்தில் மடித்தபடியே கிடந்ததாம். “அவர் கெட்ட மனிசன் இல்ல புள்ள. மறந்திட்டார். நான் ஒரு தரம் கேட்டிரிந்தா அண்டைக்கே தெரிஞ்சிரிக்கும்.”

களப்பு மீனவர்களிடம் அவரவர் தொழில் செய்யும் இடத்தைக் கேட்டு எடுப்பது லேசான காரியமில்லை. என் பெரியப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“எண்ட இடத்த நான் எண்ட பொஞ்சாதிக்கே சொன்னதில்ல. இந்தப் பெட்டிக்குள்ள போட்டா நாளைக்கு ஊரே அங்க வந்து வலை போடும்.”

ராத்தா கோபிக்கவில்லை. கடையில் வாங்கிய ஒரு பூட்டைத் திறந்தபடியே அவர் கையில் கொடுத்தார். சாவியைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார்.

“பூட்டுங்க பெரியப்பா.”

பெரியப்பா அமத்திப் பூட்டினார்.

“இப்ப திறங்க.”

“சாவியில்லாம எப்பிடித் திறக்கிற?”

“அதுதான். வழியில போகக்குள்ள ஆர் கையில அம்பிட்டாலும் இவ்வளவுதான். சாவி சட்டத்தரணி அம்மாட மெஷினுக்குள்ள. அது வெளியில வாறல்ல.”

பெரியப்பா பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, “நீ பாப்பாய்தானே?” என்றார்.

“ஓம், நான் பாப்பன். நான் ஒராள், சட்டத்தரணி அம்மா ஒராள், படம் கீறுற இந்தப் புள்ள ஒராள். நாலாவது ஆளில்ல. நாலாவது ஆள் வேணுமெண்டா உங்களுக்கிட்ட வந்து கேட்டிட்டுத்தான்.”

அந்த ‘ஓம், நான் பாப்பன்’ என்ற சொல்லுக்காகத்தான் பெரியப்பா இடத்தைச் சொன்னார் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு எங்கள் அலுவலகத்துக்குப் பொறுப்பான சேர், மட்டக்களப்பிலிருந்து வந்து, அந்த வரைபடத்தை ஈமெயிலில் போட்டு அனுப்பச் சொன்னார். அலுவலகத்துக்கு நிதி தருகிறவர்கள் பார்க்கக் கேட்கிறார்களாம். ராத்தா எழுந்து நின்று மரியாதையாகத்தான் சொன்னார். “ஒண்ணாது சேர். மீன்பிடிக்கிறவங்களுக்கிட்ட நீங்களே ஒரு சொல்லுக் கேளுங்க. அவங்க ஓம் எண்டா நானும் ஓம்.” சேர் கேட்கப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ராத்தாவைக் கண்டால் அவர் முகம் சுருங்கும்.

எனக்கும் ஒருநாள் முகம் சுருங்கியது. அவர் விடுமுறையில் போகும்போது, அவசரத்துக்கு அனுப்ப அவருடைய கடவுச்சொல்லைத் தரச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

“என்னை நம்பல்லையா ராத்தா?”

“உன்னை நம்புறன் புள்ள. அதுக்காக எண்ட சாவிய உனக்குத் தந்தா, மறுகா நீ அனுப்பினதா நான் அனுப்பினதா எண்டு ஆருக்குத் தெரியும்? இரி, உனக்கெண்டு ஒண்டு செஞ்சு தாறன்.” அரைமணி நேரம் இருந்து எனக்கென்று தனிச் சாவி செய்து, கொழும்புத் தம்பியோடு எழுத்தெழுத்தாக ஒப்புவித்து, பதிந்து தந்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். நான் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் சாவியால் நானே ஒரு கோப்பு அனுப்பினேன். நூறு வீதம் என்று திரை காட்டியபோது தனியே இருந்து கைதட்டினேன்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

மாரிமழை ஒரு கிழமையாக விடவில்லை. வீதியில் தண்ணீர் ஏறி வாழைச்சேனைப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. ராத்தா முந்திய நாளே வந்து மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கொழும்பில் வழக்கு எடுபடும் என்று தெரியும். காலை எட்டு மணிக்குப் பெரியப்பா வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“புள்ள, டோசர் ஒண்டு கண்டலுக்குள்ள இறங்கிற்று! மரத்தத் தள்ளுறான்!”

தீர்ப்பு வருவதற்கு முதல் காட்டையே இல்லாமல் ஆக்கிவிட்டால், அங்கே ஒன்றுமில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தது உண்மையாகிவிடும். நான் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரியப்பாவின் தோணியில் ஏறித் தண்ணீர்ப் பக்கமாகப் போய், ஒன்பது நிமிடம் விடாமல் எடுத்தேன். ஆள் உயர வேர்கள் முறிகிற சத்தம்கூடப் பதிந்தது. டோசரை ஓட்டியவர் ஒருதரம் திரும்பி என் கமராவை நேராகவே பார்த்தார்.

சட்டத்தரணி அம்மாவுக்குச் சொன்னதும் அவர் கத்தினார். “கொம்பனிட சட்டத்தரணி இங்க காலையில என்னட்டச் சொல்றார், ஒரு புல்லும் தொடயில்லையாம்! எனக்கு வீடியோ வேணும். வட்ஸ்அப்பில அனுப்பி அத நசுக்கிப்போடாதீங்க. எப்ப எடுத்தது, எங்க எடுத்தது எண்டு உள்ளுக்குள்ள பதிஞ்சிருக்கிற அசல் கோப்பு வேணும். ரெண்டு மணிக்கு முன்னம்!”

அசல் கோப்பு கிட்டத்தட்ட இரண்டு ஜிபி. மணி பதினொன்று பத்து.

மீனவர் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். ராத்தா மடிக்கணினியை விரித்து, என் தொலைபேசியை ஜன்னல் கம்பியில் கட்டி, ‘புட்’ அடித்தார். மூன்று வீதம். ஐந்து வீதம். கீழே சங்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். சங்கச் செயலாளரான என் அண்ணன் படியில் நின்று ஒவ்வொரு வீதத்தையும் கீழே கத்திச் சொன்னார். முப்பத்தெட்டில் நின்றது. சிக்னல் விழுந்து இணையம் போய்விட்டது; கோல் எடுக்க மட்டும் முடிந்தது.

“முதல்ல இருந்தா தொடங்கோணும்?” என் குரல் அழுகிறதுபோல வந்தது.

“இல்ல. ‘ரீபுட்’ எண்டு ஒண்டு இரிக்கி. விட்ட இடத்தில இரிந்து போகும். எனக்கு லைன் மட்டும் தா.”

இணைய லைன் வரவில்லை. இருபது நிமிடம் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நடந்தோம். பன்னிரண்டரை ஆகப்போகும்போது அண்ணன் ஓடிவந்தார். பக்கத்து விடுதியில் நல்ல வைஃபை இருக்கிறது, காவலாளி கடவுச்சொல்லும் தந்துவிட்டார். அந்த விடுதியில் தங்கியிருந்தவர்கள் கொம்பனி ஆட்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் ராத்தாவைப் பார்த்தேன்.

“வழி ஆர்ர வழியா இரிந்தா என்ன, பூட்டித்தானே அனுப்பப் போறன்” என்று சொல்லி அதில் இணைத்தார்.

கட்டளையை அடித்தார். திரையில் நான் அதுவரை கண்டிராத ஒன்று வந்தது. நிரை நிரையாகக் குறிகள், நடுவில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை. மறுபக்கத்து இயந்திரத்தின் அடையாளம் மாறியிருக்கிறது. யாரோ இடையில் நின்று வஞ்சகம் செய்யக்கூடும்.

ராத்தாவின் கை விசைப்பலகையை விட்டு எழும்பியது.

“என்ன கா நிண்டிட்டாய்?” என்றார் அண்ணன்.

“மறுபக்கத்தில நிக்கிறது சட்டத்தரணி அம்மாட மெஷின் இல்ல எண்டு சொல்லுது.”

எனக்கு என்ன செய்யலாம் என்று தெரியும். பழைய கைரேகையை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுக்கொண்டால் வழி திறக்கும். இரண்டு விநாடி வேலை. நானே சொன்னேன். “அழிச்சிட்டுப் போவம் ராத்தா. நேரமில்ல.” சேர் மட்டக்களப்பிலிருந்து ஸ்பீக்கரில் கத்தினார். “அவங்க அங்க எதையும் மாத்தியிருப்பாங்க! ஏத்துக்கொண்டு அனுப்பச் சொல்லு! காடு போகுது!” வெளியே, உண்மையாகவே, டோசரின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ராத்தா கொழும்புத் தம்பிக்கு எடுத்தார். லைன் பிசி. மறுபடியும் எடுத்தார். பிசி. அண்ணன் சுவரில் அடித்தார். எனக்கு ராத்தாமேல் அப்போது வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. ஏழு நிமிடம். எட்டு நிமிடம். கடைசியில் அந்தத் தம்பி எடுத்தார், சாப்பாட்டு வாயோடு.

“இல்லயே அக்கா, நாங்க ஒன்னும் மாத்தலயே.”

ராத்தா திரையிலிருந்த புதிய கைரேகையின் முதல் பத்து எழுத்தை வாசித்தார். மறுமுனையில் மென்று கொண்டிருந்த சத்தம் நின்றது.

“அது எங்கட இல்ல அக்கா. அனுப்பிடாதீங்க.”

ஒரு நொடியில் வைஃபையை அறுத்தார். அண்ணன் மெதுவாகக் கேட்டார், “கள்ள வேலையா?”

“கள்ளமா, அந்த விடுதிட வைஃபைப் பெட்டி பழுதா, அது எனக்குத் தெரியா. தெரியாததச் சொல்ல மாட்டன். கதவில நிக்கிறது நம்மட ஆளில்ல. அது காணும்.”

அப்போதுதான் பெரியப்பா, இவ்வளவு நேரமும் ஒரு மூலையில் நனைந்துபோய் நின்றவர், வாய் திறந்தார். “களப்பு நடுவில சிக்னல் முழுசா இரிக்கு. அங்கால் கரைக் கோபுரம் நேர தெரியும். நாங்க அங்க நிண்டுதானே வியாபாரிக்குக் கோல் எடுக்கிற.”

ராத்தா அவரைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. தோணியில் கால் வைத்ததே இல்லை. “யா அல்லாஹ்” என்று ஒரு மூச்சு விட்டு, மடிக்கணினியை மூடி, அரிசிப் பையின் பொலித்தீனால் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “நடங்க.”

அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்வேன்! மழை சரிந்து பெய்கிறது. பெரியப்பா கம்பு ஊன்றுகிறார். என் தொலைபேசியைப் பையில் கட்டி இன்னொரு கம்பின் நுனியில் உயர்த்திப் பிடித்திருக்கிறேன். ராத்தா தோணியின் நடுவில் குந்தி, தலைக்குமேல் குடையைக் கழுத்தால் இடுக்கி, கண்ணைத் திரையைவிட்டு எடுக்காமல் கேட்கிறார்.

“தண்ணி எவ்வளவு ஆழம் பெரியப்பா?”

“இடுப்பளவுதான் ராத்தா.”

இரண்டு ஆள் ஆழம் என்று பிறகு எனக்கு மட்டும் சொன்னார்.

சிக்னல் நாலு கோடும் வந்தது. ராத்தா இணைந்தார். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை; பழைய கைரேகை, பழைய ஆள். ‘ரீபுட்’ அடித்தார். முப்பத்தெட்டில் கிடந்த எண் ஒருதரம் துடித்து, முப்பத்தொன்பது ஆனது. நான் கத்திவிட்டேன். நாற்பத்தைந்து. ஐம்பது. “அறுபத்தொண்டு!” என்று நான் கத்த, கரையில் நின்ற பெண்கள் “அறுபத்தொண்டு!” என்று திருப்பிக் கத்தினார்கள். ஊர் கூடிக் கூத்து ஆடும் வெட்டையில்கூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. எழுபது. மின்கலம் பதினான்கு வீதம். எண்பத்தெட்டு. தோணி ஒரு பக்கம் சாய, ராத்தா கணினியை விடாமல் என் காலைக் கட்டிப் பிடித்தார். தொண்ணூற்றாறு.

நூறு!

மணி ஒன்று முப்பத்தாறு. கரை முழுக்கக் கூக்குரல். அண்ணன் சாரத்தை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குதித்துவிட்டார். ராத்தா கையை உயர்த்தினார்.

“சத்தம் போடாதீங்க! இன்னும் பாக்கல்ல!”

கொழும்புத் தம்பியை அழைத்தார். இரண்டு பக்கமும் அந்தக் கோப்பிலிருந்து ஒரு எண்ணெழுத்துக் கோவையைக் கணக்கிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி குறைந்தாலும் கோவை மாறிவிடும். “முதல் எட்டு, கடைசி எட்டு. நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறன்.” அவர் சொன்னார். ராத்தாவின் உதடு அசைந்தது. பதினாறாவது எழுத்து வந்ததும் குடையை விட்டுவிட்டார். அது களப்பில் மிதந்து போனது.

“இப்ப கத்துங்க” என்றார்.

மூன்றரை மணிக்குச் சட்டத்தரணி அம்மா எடுத்தார். நீதிபதி வீடியோவை இரண்டு தரம் பார்த்தாராம். வழக்கின் அடுத்த தவணை வரைக்கும் அங்கே ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று கட்டளை. பொலிஸார் வந்து சொல்ல, டோசர் நின்றது. கொம்பனி ஆட்கள் ஜீப்பில் ஏறித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். டோசரை ஏற்றிப் போகும் லொறியால் வர முடியவில்லை. ஓட்டியவர் மட்டும் இயந்திரத்தோடு மழையில் தனித்து நின்றார். பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்கள மனிதர், ஐம்பது வயது இருக்கும். ராத்தாதான் போய்ச் சிங்களத்தில் கதைத்து, அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார்.

அவர் அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முன் விறாந்தையில் சண்டை தொடங்கியது. அந்த வீடியோவை உடனே ஃபேஸ்புக்கில் போட வேண்டும் என்று அண்ணன் விடாப்பிடியாக நின்றார். ஊரே பின்னால் நின்றது. மத்தியானம் ராத்தாவுக்காகக் கூவிய அதே ஆட்கள்.

“ஒண்ணாது” என்றார் ராத்தா. “அந்த மனிசன்ட முகம் அதில தெளிவா இரிக்கி.”

“அவன் நம்மட ஆளா? நம்மட காட்ட அழிச்சவன்!”

“கூலிக்கு ஓட்டினவர். கோர்ட்டுக்கு வேணும், குடுத்தாச்சு. ஊர் உலகத்துக்கு என்னத்துக்கு அவர்ர முகம்? ஒரு நாள் தாங்க, முகத்த மறைச்சுத் தாறன்.”

“நாளைக்கு ஆர் பாப்பான்?”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கமராவின் கார்ட் என் கையில் இருந்தது. ராத்தாவும் பார்த்தார். “நீ எடுத்த படம் புள்ள. நான் பறிக்க மாட்டன்” என்றார்.

நான் அடுக்களைக்குப் போனேன். அந்த மனிதர் சோற்றைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும், விறாந்தையில் தன்னைப் பற்றித்தான் கதை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்து, “நாளைக்குத்தான் அண்ணன்” என்றேன். அண்ணன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. முகம் மறைத்த வீடியோவை மறுநாள் போட்டோம். அவர் சொன்னதுபோலவே அதிகம் பேர் பார்க்கவுமில்லை.

இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்து லொறி வந்தது. டோசரை ஏற்றிவிட்டு அந்த மனிதர் சங்கக் கட்டடத்துக்கு ராத்தாவைத் தேடி வந்தார். தன் தொலைபேசியை மேசையில் வைத்து, ஒரு குரல் பதிவை ஓட விட்டார். சிங்களத்தில் ஒரு ஆண் குரல், அவசரமாக. ராத்தாவின் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

“என்ன ராத்தா?”

“கோர்ட்டுக்கு முதல் நாள் கொம்பனியில இரிந்து இவருக்கு வந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கோர்ட், அதுக்குள்ள ஒரு மரமும் நிக்கக்கூடாதாம்.”

அந்த மனிதர் ஏதோ சொன்னார். ராத்தா மெதுவாகத் தமிழில் சொன்னார். “எண்ட முகத்த நீங்க ஒரு இடத்துக்குத்தானே அனுப்பினீங்க, இதையும் அந்த இடத்துக்கு மட்டும் அனுப்புங்க எண்டுறார்.”

எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. ராத்தா துள்ளவில்லை. இதனால் உங்களுக்கு என்ன வரலாம் என்று தெரிந்துகொண்டு தாருங்கள் என்று சொல்லி, முதலில் சட்டத்தரணி அம்மாவோடு அவரைக் கதைக்க வைத்தார். கால் மணி நேரம் இரண்டு பேரும் சிங்களத்தில் கதைத்தார்கள். ராத்தா வெளியே போய் நின்றார். தொலைபேசியை வைத்துவிட்டு அந்த மனிதர் தலையை ஆட்டினார்.

அடுத்த தவணையில் அந்தக் குரல்தான் வழக்கைத் திருப்பியது. இரண்டு மாதத்தில் கொம்பனி குத்தகை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கடுத்த வருசம் ராத்தா வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார்.

ஆனால் அன்று காலை அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. லொறி வெளியே இயந்திரத்தை இயக்கியபடி காத்து நின்றது. ராத்தா கறுப்புத் திரையைத் திறந்து, கதிரையை இழுத்து, அந்த மனிதரைத் தன் பக்கத்தில் இருத்தினார். அவர் பார்த்திருக்கவே கட்டளையை அடித்தார். மிகச் சின்னக் கோப்பு. இரண்டு விநாடிகூட எடுக்கவில்லை. ஆனாலும் ராத்தா அவரைப் பக்கத்தில் இருத்தியபடியே கொழும்புத் தம்பிக்கு எடுத்து, “முதல் எட்டு, கடைசி எட்டு. நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கிறம்” என்றார்.